தவாஃபில் கை பட்டால் ஒளு முறியுமா? ஷாஃபிகள் ஹனஃபிக்கு மாறலாமா?

கீழக்கரை வாசி:
அஸ்ஸலாமு அலைக்கும். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் உம்மாவைக் கூட்டிக்கொண்டு உம்ரா போகிறேன். நாங்கள் ஷாஃபி மத்ஹப் (சட்டப் பிரிவு). அந்நியப் பெண்ணின் (இதில் மனைவியும் அடக்கம்) தோல் நம் தோலில் திரையில்லாமல் பட்டாலே ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் சுத்தம்) முறியும் என்றுதான் மதரஸாவில் ஓதினோம். தவாஃபுக்கு (கஃபாவை வலம் வருவதற்கு) ஒளு ஷர்த்து (நிபந்தனை). அந்த நெரிசலில் 7 சுற்றும் யார் கையும் படாமல் வர முடியுமா? உம்ரா வகுப்பில், "அங்கே மட்டும் ஹனஃபி மத்ஹபை நிய்யத் (மனதில் எண்ணம்) வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். தேவைப்படும்போது மத்ஹபை மாற்றுவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

தேடல்:
வஅலைக்குமுஸ்ஸலாம் சகோ. உறுத்தினால் நல்லதுதான். நபி (ஸல்) அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) படுத்திருப்பார்கள், நபி (ஸல்) தொழுகையில் ஸஜ்தா செய்யும்போது (நெற்றியைத் தரையில் வைக்கும்போது) அவர்களைத் தொட்டு உணர்த்துவார்கள், உடனே காலை மடக்கிக்கொள்வார்கள். புகாரி ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. தொட்டால் ஒளு முறியும் என்றால் அந்தத் தொழுகை என்னாவது? ஹதீஸ் இவ்வளவு தெளிவாக இருக்க, ஊரில் ஒரு சட்டம், மக்காவில் ஒரு சட்டம் எதற்கு? ஹதீஸ் ஸஹீஹானால் (ஆதாரப்பூர்வமானால்) அதுவே என் மத்ஹப் என்று சொன்னவரே இமாம் ஷாஃபிதானே!

ஓதியவன்:
தேடல் பாய், அந்த ஹதீஸ் இமாமுக்குத் தெரியாதா? துணிக்கு மேல் பட்டிருக்கலாம் என்பது ஷாஃபி ஆலிம்களின் பதில். நீங்கள் ஏற்க வேண்டாம், ஆனால் ஆதாரமே இல்லை என்று சொல்லாதீர்கள். "பெண்களைத் தீண்டினால்" என்ற குர்ஆன் வசனத்துக்கு (4:43, 5:6) இப்னு அப்பாஸ் (ரலி) உடலுறவு என்று பொருள் சொன்னார்கள். கையால் தொடுவதும் அதில் அடங்கும் என்றார்கள் இப்னு உமர் (ரலி). இமாம் மாலிக்கின் முவத்தா நூலில் பார்க்கலாம். ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) காலத்திலேயே இரண்டு கருத்து. இதில் எது சரி என்று நானும் நீங்களும் ஒரு மொழிபெயர்ப்பை வைத்து முடிவு செய்துவிட முடியாது.

கீழக்கரை தம்பிக்கு: மாறலாம், பாவமில்லை. ஆனால் வகுப்பில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஷாஃபியில் தலையில் இரண்டு முடி நனைந்தாலும் மஸஹு (ஒளுவில் ஈரக் கையால் தலையைத் தடவுவது) கூடிவிடும். ஹனஃபியில் தலையில் கால் பங்காவது தடவ வேண்டும். இரண்டு முடியை நனைத்துவிட்டு, தொட்டால் முறியாது என்று ஹனஃபியைப் பிடித்தால் அந்த ஒளு இரண்டு மத்ஹபிலும் கூடாது. இதைத்தான் தல்ஃபீக் என்பார்கள். காலில் அடிபட்டு ரத்தம் வழிந்தால் ஷாஃபியில் ஒளு நிற்கும், ஹனஃபியில் முறியும். அதையும் கவனிக்க வேண்டும்.

கம்பத்துக்காரர்:
நாங்கள் ராவுத்தர், ஹனஃபி. எங்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஆனால் தேடல் சகோ சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. மத்ஹபைப் பிடித்துக்கொண்டு நாம் பிரிந்து நின்றது உண்மை. 1920களில் சவூதி ஆட்சி வரும்வரை கஃபாவைச் சுற்றியே நான்கு மத்ஹபுக்கும் தனித்தனி ஜமாஅத் நடந்ததே! அதை எப்படிச் சரி என்பது?

ஓதியவன்:
அதை நான் சரி என்று சொல்ல மாட்டேன். அது மனிதர்களின் பிடிவாதம். இமாம் ஷாஃபி பாடம் படித்தது இமாம் மாலிக்கிடம். பிறகு அபூ ஹனீஃபாவின் மாணவர் முஹம்மது ஷைபானியிடமும் படித்தார். அவர்களுக்குள் இந்தப் பகை இல்லை.

தேடல்:
சரி, பகை வேண்டாம். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. தலையில் எவ்வளவு தடவ வேண்டும் என்பதையும் நபிவழியில் பார்த்துச் செய்தால் முடிந்தது. முன்னிருந்து பின்வரை முழுத் தலையையும் தடவினார்கள் என்று ஹதீஸ் வந்திருக்கிறது. அப்படிச் செய்பவனுக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம்.

ஓதியவன்:
முழுத் தலையையும் தடவுவது ஷாஃபியிலும் சுன்னத்துதான் (நபிவழிதான்) பாய். அதில் நமக்குள் சண்டையே இல்லை. மாற மனம் வராதவர்களுக்கு மத்ஹபுக்குள்ளேயே வழி உண்டு: தொட்டவருக்குத்தான் முறியும், தொடப்பட்டவருக்கு முறியாது என்று ஷாஃபியில் இன்னொரு கவ்லும் (கருத்தும்) இருக்கிறது. வலுவான கவ்ல் அதுவல்ல, ஆனாலும் நெருக்கடியில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்ன ஆலிம்கள் உண்டு. முறிந்தே போனாலும் ஒளு செய்துவிட்டு வந்து, விட்ட சுற்றிலிருந்து தொடரலாம்.

கீழக்கரை வாசி:
ஜஸாகல்லாஹ் ஹைர். உம்மா முக்காட்டை விலக்காமல் நெற்றியோரம் விரலை வைத்து எடுப்பார்கள், இத்தனை வருடமும் அப்படித்தான். இன்று மஃரிபுக்கு முக்காட்டை இறக்கிவிட்டுத் தலை முழுக்கத் தடவிப் பழகச் சொல்லியிருக்கிறேன்.