கோத்தகிரிக் குளிரில் தூக்கமே வரவில்லை, எந்தப் பழக்கத்தை மாற்றுவது?

மலைத்தையல்:
போன ஜூனில் ஈரோட்டிலிருந்து கோத்தகிரிக்கு வந்தோம். வயது 36, வீட்டிலேயே தையல். வந்ததிலிருந்து தூக்கம் கெட்டுப்போய்விட்டது. ஒன்பதரைக்கே குளிர் தாங்காமல் கம்பளிக்குள் போய்விடுகிறேன், ஆனால் போனைப் பார்த்துக்கொண்டு புரண்டு புரண்டு கண்ணை மூடும்போது மணி ஒன்று. காலையில் பனிமூட்டம், எட்டரைக்குத்தான் எழ முடிகிறது, ஞாயிறு என்றால் பத்து. பகலெல்லாம் தலை கனம், ஊசியில் நூல் கோக்கும்போதே கண் சொருகுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு வர்க்கியோடு ஒரு டீ, கணவர் வந்ததும் எட்டு மணிக்கு இன்னொன்று. படுக்கிற அறையில் இரும்புச் சட்டியில் கொஞ்சம் கரி மூட்டி, ஜன்னலை அடைத்துவிட்டுத்தான் படுக்கிறோம். மாத்திரைக்குப் போகாமல் சரிசெய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கொடைக்கானல்காரன்:
தங்கச்சி, தூக்கம் அப்புறம். அந்தக் கரிச்சட்டியை இன்றைக்கே அறையை விட்டு வெளியே எடுங்கள். அடைத்த அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும், தூங்குகிறவர் எழாமலே போய்விடலாம். இங்கே கொடைக்கானலில் குளிருக்குக் கரி மூட்டிப் படுத்த சுற்றுலாப் பயணிகள் இப்படி இறந்திருக்கிறார்கள். தணல் மங்கிய பிறகும் வாயு வந்துகொண்டுதான் இருக்கும். தலை கனம் என்கிறீர்களே, அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், டாக்டரிடம் கரி விஷயத்தையும் சொல்லிக் காட்டுங்கள்.

கட்டபெட்டு அக்கா:
தம்பி சொன்னதை முதலில் செய்யம்மா. எனக்கும் பல வருஷம் இதே தொல்லை. எத்தனை மணிக்குத் தூங்குவது என்று மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, எழும் நேரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட பிறகுதான் சரியானது. ஆறரை என்றால் ஆறரை, ஞாயிறானாலும் சரி, ராத்திரி தூங்காத நாளானாலும் சரி. நன்றாக விடிந்ததும் குல்லா, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் வெளியே நட. மூட்டத்தில் வெளிச்சம் ஏது என்று நினைக்காதே, மேகம் மூடிய பகலிலும் வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும், வீட்டுக்குள் டியூப்லைட்டுக்குக் கீழே சில நூறுதான். அந்த வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்புக்குள் ஓடும் கடிகாரம் ராத்திரிக்கு நேரம் குறிக்கும். (அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள்.)

டீயில் இருக்கிற கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். எட்டு மணி டீயில் பாதி, நீ கண்ணை மூடுகிற அந்த ஒரு மணிக்கும் உனக்குள் இருக்கிறது! கடைசி டீயை மூன்று மணிக்குள் முடித்துவிடு. சாயங்காலம் சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துக் குடி, வர்க்கிக்கு நன்றாகவே சேரும்.

குளிருக்கு அறையைவிடப் பாதத்தைச் சூடாக்குவதுதான் முக்கியம். படுக்கும் முன் பத்து நிமிஷம் வெந்நீரில் பாதத்தை வைத்து, ஈரம் போகத் துடைத்துக் கம்பளி சாக்ஸ் போட்டுக்கொள். பாதத்தில் ரத்தம் நன்றாக ஓடினால் உள்சூடு தோல் வழியாக வெளியேறும், உள்சூடு இறங்கினால்தான் தூக்கம் வரும். தூக்கம் கண்ணைச் சுழற்றும்வரை கம்பளிக்குள் போகாதே, போனைச் சமையலறையில் சார்ஜுக்குப் போடு.

மலைத்தையல்:
அக்கா, நடுவில் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டால்?

நைட்ஷிப்ட்:
நான் டீ பேக்டரியில் ராத்திரி வேலை, பகலில் ஜன்னலில் கறுப்புத் துணி கட்டித் தூங்குகிறவன். எனக்கும் நடுவில் விழிப்பு வரும். மணி பார்க்காதீர்கள். இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் மங்கிய விளக்கில் எதையாவது படியுங்கள், கண் சொருகினால் மட்டும் திரும்பிப் போங்கள். புரண்டுகொண்டே கிடந்தால் படுக்கையைப் பார்த்தாலே விழிப்பு வருகிற பழக்கமாகிவிடும். வாரத்தில் மூன்று ராத்திரியாவது இப்படியே மூன்று மாதம் போனாலோ, பலமாகக் குறட்டை விடுவதாக வீட்டில் சொன்னாலோ கண்டிப்பாக டாக்டரைப் பாருங்கள்.

மலைத்தையல்:
எல்லோருக்கும் நன்றி. கரியைத் தண்ணீர் ஊற்றி அணைத்துச் சட்டியைப் பின்பக்கம் வைத்துவிட்டேன், நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். எட்டு மணி டீ இனி கணவருக்கு மட்டும். ஆறரைக்கு அலாரம் வைத்தாச்சு, போன் சமையலறையில் இருப்பதால் எழுந்து போய்த்தான் அணைக்க வேண்டும்.