12 நாள் உலர் பை உணவு மட்டும்: மழைக்காலத்துக்கு இது நமக்கு உதவுமா?

தேவிகுளம்காரன்:
2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறைச் சுற்றி மண் சரிந்து, எந்தப் பக்கமும் வண்டி போகாமல் கிடந்தோம். எங்கள் வீட்டில் அரிசி இருந்தது. நாலாம் நாள் கேஸ் தீர்ந்துவிட்டது. அம்மா ஊறவைத்த அரிசியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால்தான் போன மாதம், உறையவைத்து உலர்த்திய அவசரகால உணவை மட்டும் சாப்பிட்டு 12 நாள் இருந்தேன். உணவை உறையவைத்துக் காற்றை உறிஞ்சிய அறையில் வைத்தால், பனிக்கட்டி தண்ணீராகாமலே ஆவியாகிப் போய்விடும். வெயிலில் காய்ந்ததுபோல் சுருங்காது. பையைக் குலுக்கினால் பட்டாணி சரளைக்கல் மாதிரி சத்தம் போடும். வெந்நீர் ஊற்றினால் பழையபடி பட்டாணி. ஒரு நாளைக்கு 3 பை. எடை 2 கிலோ குறைந்தது, மற்றபடி நடமாட்டத்தில் குறையில்லை. தோட்டத்து வீடுகள் எல்லாவற்றிலும் இது இருக்க வேண்டும் என்கிறேன்.

வண்டிப்பெரியாறு அக்கா:
தம்பி, 28 வருஷம் செவிலியாக இருந்தவள் கேட்கிறேன். பையின் பின்பக்கம் உப்பு எவ்வளவு, கலோரி எவ்வளவு என்று பார்த்தீர்களா?

தேவிகுளம்காரன்:
பார்த்தேன் அக்கா. ஒரு பை இரண்டு பேருக்கு என்று போட்டிருக்கிறது. ஒரு பேர் அளவுக்கு 280 கலோரி, சோடியம் 700 மில்லிகிராம்.

வண்டிப்பெரியாறு அக்கா:
சரி, கணக்குப் போடுவோம். 3 பை என்றால் 6 பேர் அளவு. 1,680 கலோரி. உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கே 2,110 வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. நீங்கள் பட்டினிதான் கிடந்திருக்கிறீர்கள், அதுதான் அந்த 2 கிலோ. சோடியமோ 4,200 மில்லிகிராம். உப்பாகப் பார்த்தால் பத்தரை கிராம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே இருக்கச் சொல்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டால் உப்பு இன்னும் ஏறும். தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் லைன் வீடுகளில் பிரஷர் மாத்திரை சாப்பிடாத பெரியவர்கள் எத்தனை பேர்? அவர்கள் கையில் இதைக் கொடுக்க எனக்கு மனம் வராது. மலச்சிக்கல் வந்ததா இல்லையா, அதையும் எழுதுங்கள்.

தேவிகுளம்காரன்:
வந்தது. ஐந்தாம் நாளிலிருந்து. தாகமும் அடங்கவே இல்லை. அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், தப்புத்தான்.

போடிமெட்டு கடை:
அண்ணா, ஒரு பை என்ன விலை?

தேவிகுளம்காரன்:
420 ரூபாய்.

போடிமெட்டு கடை:
கொழுந்து பறிக்கிறவருக்கு அது கிட்டத்தட்ட ஒரு நாள் கூலி! ஒரே ஆள் ஒரு நாளைக்குச் சாப்பிட மூன்று நாள் கூலியா? அந்தக் காசுக்கு அவல், பொட்டுக்கடலை, மறையூர் வெல்லம், கடலை மிட்டாய் வாங்கினால் ஒரு குடும்பமே ஒரு வாரம் தாங்கும். அவலுக்கு அடுப்பே வேண்டாம். உங்கள் பைக்கு வெந்நீர் வேண்டுமே, கேஸ் தீர்ந்த வீட்டில் அதற்கு எங்கே போவது?

தேவிகுளம்காரன்:
அதையும் செய்து பார்த்தேன் தம்பி. இங்கே உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். பையில் 10 நிமிடம் என்று போட்டிருந்தாலும் 15 ஆகிறது. பச்சைத் தண்ணீரில் 40 நிமிடம். அப்போதும் கோழித்துண்டின் நடுவில் சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஒரு பொட்டு ஊறாமல் நின்றது. ஆனாலும் சாப்பிட முடிந்தது.

அவல் விஷயத்துக்கு வருகிறேன். ஆனியில் வாங்கி வைத்த அவல் ஆடியில் என்ன ஆகிறது என்று கடை வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாதா? சத்துமாவில் வண்டு, கடலையில் சிக்கு வாடை, வெல்லம் கசிந்து காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். மழை எப்போது தாக்கும் என்று தெரியாது. மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்து 70 பேர் போனார்கள். மின்சாரமும் போனும் இல்லாமல் அந்தச் செய்தியே விடிந்துதான் வெளியே வந்தது. உதவி உடனே வந்துவிடும் என்று நம்பி இருக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தவன் நான். வருஷக்கணக்கில் கெடாத ஒன்று வீட்டில் இருக்கட்டுமே.

வண்டிப்பெரியாறு அக்கா:
பெட்டிமுடியை நினைத்தால் எனக்கும் தூக்கம் வராது தம்பி. நீங்கள் பயப்படுவது நியாயம். ஆனால் பச்சைத் தண்ணீர் என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். வெள்ளம் வந்த ஊரில் எந்தத் தண்ணீரை நம்பி ஊற்றுவது? 3 பைக்கு ஒன்றேகால் லிட்டருக்கு மேல் ஆகும்; அந்த உப்புக்குக் குடிக்க வேண்டியது வேறு. முதலில் ஒவ்வொரு வீட்டிலும் மூடிபோட்ட 20 லிட்டர் கேனில் நல்ல தண்ணீர். அதற்குப் பிறகுதான் சாப்பாட்டுப் பேச்சு.

தேவிகுளம்காரன்:
தண்ணீர் கேனை ஒத்துக்கொள்கிறேன். 12 நாளும் குழாய்த் தண்ணீர் இருந்ததால் அது எனக்குத் தோன்றவே இல்லை. முழுச் சாப்பாடாக இல்லாமல், உப்புச் சேர்க்காமல் இதே முறையில் உலர்த்திய பட்டாணி, காய் மட்டும் வாங்கிக் கஞ்சியில் போடலாம் அல்லவா?

வண்டிப்பெரியாறு அக்கா:
அது சரி. அதற்கு நான் எதிரி இல்லை.

போடிமெட்டு கடை:
அப்படியானால் ஒரு டின் வரவழைத்துக் கடையில் வைக்கிறேன், சில்லறையாகப் பிரித்து விற்கலாம். திறந்த பிறகு எத்தனை நாள் தாங்கும் அண்ணா?

தேவிகுளம்காரன்:
பிரித்து விற்காதீர்கள். ஏழாம் நாள் பாதிப் பையை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். காலையில் எடுத்தால் பட்டாணி சத்தமே போடவில்லை. விரலால் அழுத்தினேன், அமுங்கிவிட்டது.