முதல் பொதுத் தேர்தல் பற்றி ஆழமான புத்தகம் எது?

கேள்வி: 1951-52 தேர்தலைப் பாடப்புத்தகம் ஒரு பத்தியில் முடித்துவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களே பெரும்பாலோராக இருந்த நாட்டில் அதை எப்படி நடத்தினார்கள் என்று ஆய்வாக யாராவது எழுதியிருக்கிறார்களா?

பதில் 1: ஆர்னிட் ஷானியின் 'ஹவ் இந்தியா பிகேம் டெமாக்ரடிக்' (2018). ஓட்டுப் போட்ட நாளை விட வாக்காளர் பட்டியல் தயாரான கதைதான் அதில் பிரதானம். அரசியல் சாசனம் அமலுக்கு வருமுன்பே வேலை தொடங்கி, அகதிகளை எப்படிச் சேர்ப்பது என்று அதிகாரிகள் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் வரும். நடை கொஞ்சம் வறட்சி.

பதில் 2: தேர்தல் ஆணையத்தின் அறிக்கையையும் தேடிப் பாருங்கள். சொந்தப் பெயர் சொல்லாமல் இன்னாரின் மனைவி, மகள் என்றே பதிந்த சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

கேட்டவர்: அடேங்கப்பா! சரி, சின்னம்?

பதில் 2: வேட்பாளருக்கு ஒரு பெட்டி, அதன் மேல் சின்னம். சீட்டைப் போட்டால் போதும், முத்திரையெல்லாம் அப்புறம் வந்தது.