சோர்ஸ் கோடு வெளிய விட்டாச்சு, விண்டோஸ்லதான் மல்லுக்கட்டு – உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

பவர்டேபிள் கணக்கு (திருப்பூர்)

பவர்டேபிள் (மோட்டார்ல ஓடற தையல் மெஷின் யூனிட்) வெச்சிருக்கறவங்களுக்குச் சம்பளக் கணக்கு எப்படின்னு தெரியும். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலைல எட்டரைக்கு வந்து ராத்திரி எட்டரைக்குக் கெளம்புனா ஒன்றரை ஷிப்ட். டைலர்களுக்கு பீஸ் ரேட், செக்கிங் அக்காக்களுக்கு ஷிப்ட் சம்பளம், அட்வான்ஸ் வாங்குனவங்களுக்கு வாராவாரம் பிடித்தம். எல்லாம் சனிக்கிழமை பொழுதோட கைல காசாப் போய்ச் சேரணும். இதைத் தமிழ்லயே போடற மாதிரி பைத்தான் மொழியிலயும், ஸ்க்ரீனுக்குக் க்யூட்டிலயும் ஒரு ப்ரோக்ராம் எழுதி, யாரும் எடுத்து மாத்திக்கற ஜிபிஎல் லைசென்ஸ்ல சோர்ஸோட வெளிய விட்டேன். எழுதுனது பூரா டெபியன்ங்கற லினக்ஸ்ல. எங்க வீட்ல விண்டோஸ் மெஷினே கெடையாது.

வெளிய விட்டதும் வந்த முதல் கேள்வி: "தம்பி, எக்ஸ்இ எங்கீங்க?" விண்டோஸ்ல அமுக்குனா நேரா ஓடற ஃபைலைத்தான் கேக்கறாங்க.

லினக்ஸ் போட்டுக்குங்கன்னு சொல்றது சுலபம். யூனிட்ல இருக்கறது ஒரே கம்ப்யூட்டர். அதுல டேலி ஓடுது, ஆடிட்டருக்கு ஜிஎஸ்டி கணக்கு அதுலிருந்துதான் போகுது. என் சம்பளக் கணக்குக்காக அதை அழிச்சுட்டு டெபியன் போடுங்கன்னு சொன்னா ஓனர் என்னைத்தான் அழிப்பார். அதனால விண்டோஸுக்கு இறங்கித்தான் ஆகணும்னு ஆயிருச்சு.

பைத்தான் ப்ரோக்ராமை அப்படி ஒரு ஃபைலாக் கட்டற பைஇன்ஸ்டாலர் எந்த சிஸ்டத்துல ஓடுதோ அந்த சிஸ்டத்துக்குத்தான் கட்டித் தரும். லினக்ஸ்ல உக்காந்துக்கிட்டு எக்ஸ்இ பண்ண முடியாது. கோடு வெக்கற தளமான கிட்ஹப்போட ஆக்‌ஷன்ஸ்ல எல்லாரும் பார்க்கற பொது ரெப்போவுக்கு விண்டோஸ் மெஷின் இலவசமாக் கெடைக்குதுங்க, அதுல கட்டுனேன். எங்கியோ இருக்கற விண்டோஸ்ல பில்ட் ஆகி ஒரு ஜிப் ஃபைல் வந்து விழும், அது தொறக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையைப் பார்க்காமலே கல்யாணச் சட்டை தெச்ச கதைதான்.

முதல் யூனிட்லயே மாட்டிக்கிச்சு. ஆளுக்கொரு ஃபைல், உள்ள பேரும் நம்பர்களும் மட்டும்தான். கமலா, கவிதா, சாரதா, இவங்க ஃபைல் மட்டும் தொறக்குது, ஆனா பேரு தலையில கொம்பு முளைச்ச இங்கிலீஷ் எழுத்தா வருது. முருகன், சாந்தி, செல்வி ஃபைலைத் தொட்டா மொத்தமும் படுத்துருது, 'சார்மேப்'னு ஒரு எர்ரர். ஓனர் ஃபோன்ல சொல்றார்: "சில பேர் பொழச்சாங்க, சில பேர் செத்துட்டாங்க தம்பி."

பைட்டு பைட்டாப் பிரிச்சுப் பார்த்தப்பறம்தான் வெளங்குச்சு. லினக்ஸ்ல பைத்தான் ஒரு ஃபைலைத் தொறந்தா யுடிஎஃப்-8னு (எல்லா மொழி எழுத்தையும் பைட்டா எழுதற முறை) எடுத்துக்கும். விண்டோஸ்ல நாம சொல்லாட்டி சிஸ்டத்தோட பழைய கோட்பேஜை, அதாவது எந்த பைட்டுக்கு எந்த எழுத்துங்கற அட்டவணையை, எடுக்கும், நம்ம ஊரு மெஷின்கள்ல பெரும்பாலும் 1252. அந்தக் கோட்பேஜ்ல அஞ்சு எடம் காலி. நம்ம மெய்யெழுத்துப் புள்ளியோட கடைசி பைட் நேரா அந்தக் காலி எடத்துல போய் விழுது. உகரக் குறியும் அப்படித்தான், ஏ, ஐ ரெண்டு எழுத்தும் அப்படித்தான். கமலாவுக்குப் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை, தப்பிச்சாங்க. ஃபைல் தொறக்கற ஒவ்வொரு எடத்துலயும் யுடிஎஃப்-8னு சேர்த்ததும் எல்லாரும் பொழச்சாங்க. பைத்தான் 3.15-ல இருந்து எல்லா சிஸ்டத்துலயும் அதுவே தானா வரும்னு முடிவாயிருக்கு. அதுவரைக்கும் ஓனர் காத்திருக்கமாட்டார்.

அடுத்தது பழைய மெஷின். நெறைய யூனிட்ல இன்னும் விண்டோஸ் 7, அதுவும் 32 பிட். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோட சப்போர்ட் முடிஞ்சிருச்சு, பைத்தான் 3.9-ல இருந்து அதுல ஓடாது, க்யூட்டி 6 விண்டோஸ் 10-க்குக் கீழ எறங்காது. அதனால பைத்தான் 3.8, க்யூட்டி 5.15 வெச்சு ஒரு பில்ட், புதுசுக்கு ஒரு பில்ட். 3.8-க்கு 2024-லயே பாதுகாப்பு அப்டேட் நின்னாச்சு. தெரிஞ்சேதான் கொடுக்கறேன். அந்த மெஷின் நெட்ல இல்லாம இருந்தாச் சரின்னு ரீட்மீ குறிப்புல எழுதியிருக்கேன்.

இதையெல்லாம் தாண்டி ஒருநாள் சனிக்கிழமை சாயங்காலம் ஃபோன். "உங்க சாஃப்ட்வேரைக் காணோமுங்க." ஆன்டிவைரஸ் எக்ஸ்இயைத் தூக்கிக் குவாரன்டைன்ல போட்டிருச்சு. பின்னால டைலர்கள் பேசற சத்தம் கேக்குது, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஒரு அம்மா சொல்றாங்க. லைசென்ஸ்ல எந்த உத்தரவாதமும் இல்லைன்னு பெரிய எழுத்துல போட்டிருக்கறதை அப்போ வாசிச்சா காட்ட முடியும்? நோட்டுல எழுதுன பழைய கணக்கை வெச்சுக் காசு கொடுத்து அனுப்பினார், நான் ஃபோன்லயே கூட்டிச் சொன்னேன்.

அப்பறம் விசாரிச்சா, பைஇன்ஸ்டாலர்ல எல்லாத்தையும் ஒரே எக்ஸ்இயா அடைச்சா, ஓடும்போது டெம்ப் ஃபோல்டர்ல பிரிச்சு வெச்சுத்தான் ஓடும். வைரஸும் இதேமாதிரி பண்றதால ஆன்டிவைரஸுக்குச் சந்தேகம். ஒரே ஃபைல் வேண்டாம்னு ஃபோல்டரா மாத்திக் கொடுத்தப்பறம் தொந்தரவு குறைஞ்சிருக்கு, சுத்தமாப் போகலை. முதல் தடவை தொறக்கறப்போ விண்டோஸ் காட்டற நீல எச்சரிக்கைக் கட்டம் இன்னும் வருது. அது போகணும்னா யார் எழுதுனதுன்னு காட்டற மாதிரி டிஜிட்டலா சைன் பண்ணணும். 2023 ஜூன்ல இருந்து சைன் பண்ற சாவியைத் தனி டோக்கன்லயோ அதுக்குண்டான கருவியிலயோதான் வெக்கணும்னு விதி. அதுக்கும் காசு, சர்ட்டிஃபிகேட்டுக்கும் காசு. இலவசமாக் கொடுக்கற பொருளுக்கு நான் கைக்காசு போடணும்.

என் கட்சி இதுதான்: கோடை மாத்தறது பெரிய வேலையே இல்லைங்க. நம்மகிட்ட இல்லாத மெஷினுக்கு வாராவாரம் ஜவாப்தாரியா இருக்கறதுதான் வேலை. நீங்கெல்லாம் எப்படிச் சமாளிக்கறீங்க?

தறிச்சத்தம் (சோமனூர்)

எனக்கு நடந்ததைச் சொன்னா சிரிப்பீங்க. தறிக்கு நூல் ஸ்டாக் பார்க்கற சின்ன ப்ரோக்ராம். நூல் வகைக்கு ஒரு ஃபைல். கோன் நூலுக்கு இங்கிலீஷ்ல சி-ஓ-என்னு மூணே எழுத்துல பேர் வெச்சிருந்தேன். லினக்ஸ்ல வருசக்கணக்கா ஓடுச்சு. விண்டோஸ்ல கோன் மட்டும் சேவ் ஆகலை, பாவு நூல் ஆகுது, ஊடை நூல் ஆகுது. டாஸ் காலத்துல இருந்து அந்த மூணெழுத்து கீபோர்டு-ஸ்க்ரீனுக்குன்னு ஒதுக்கிவெச்ச பேராமுங்க, அந்தப் பேர்ல ஃபைலே இருக்கக்கூடாதாம். பிஆர்என், ஏயுஎக்ஸ், என்யுஎல்லும் அதே ஜாதிதான்.

பேரை மாத்திட்டேன். ஃபைல் பேர்ல மணியைப் போட்டு நடுவுல ரெண்டு புள்ளி வெச்சிருந்தீங்கன்னா அதுவும் ஆகாது, பார்த்துக்குங்க.

கொப்பரைக் களம் (ஆனைமலை)

உங்களுக்காவது ஸ்க்ரீனோட போச்சுங்க. நமக்குத் தராசும் சேர்ந்து இழுக்குது. கொப்பரை மூட்டை வெச்சா எடையைத் தானா எடுத்துச் சீட்டு எழுதற மாதிரி சி மொழியில எழுதி, எம்ஐடி லைசென்ஸ்ல போட்டிருக்கேன். தராசுல இருந்து பழைய சீரியல் கேபிள், அதை யுஎஸ்பியா மாத்தற கன்வர்ட்டர். லினக்ஸ்ல டிடிஒய்-யுஎஸ்பி-சைபர்னு வந்து நிக்கும், சோலி முடிஞ்சுது.

பக்கத்து மண்டிக்காரர் விண்டோஸ்ல கேட்டார். காம்-3-னு வந்துச்சு, ஓடுச்சு. அங்க எடை போடற பையன் தினமும் சாயங்காலம் கேபிளைக் கழட்டி வெச்சுட்டுப் போறவன். மறுநாள் கைக்கு வந்த ஓட்டையில சொருகுவான். சீரியல் நம்பர் இல்லாத மலிவு கன்வர்ட்டரை வேற ஓட்டையில சொருகினா விண்டோஸ் அதைப் புது ஆளுன்னு நெனச்சுப் புது நம்பர் கொடுக்கும். ஹப் வேற மாட்டியிருக்காங்க. இப்படியே ஏறி ஏறிக் காம்-10 ஆன அன்னிக்குத் தராசு பேசவே இல்லை. ஒத்தை இலக்கம் வரைக்கும் பேரை அப்படியே கொடுக்கலாம். பத்துல இருந்து முன்னாடி ரெண்டு பின்சாய்கோடு, ஒரு புள்ளி, இன்னொரு பின்சாய்கோடு போட்டாத்தான் தொறக்கும். கொப்பரை வண்டி வெளிய நிக்குது, நான் உள்ள பின்சாய்கோடு எண்ணிக்கிட்டு இருக்கேன். அதுவும் சி-ல ஒவ்வொண்ணையும் ரெண்டாப் போடணும்.

இப்போ எந்த நம்பர்ல இருந்தாலும் தேடிப் பிடிக்கற மாதிரி எழுதிட்டேன். ஆனா பவர்டேபிள்காரரே, டெபியன்ல உக்காந்துக்கிட்டு விண்டோஸை நடத்த முடியாதுங்க. செகண்ட் ஹேண்ட்ல ஒரு பொட்டி வாங்கி மூலையில வெச்சுக்குங்க.

லேத்து (கணபதி, கோவை)

நான் ஒத்துக்கமாட்டேன். இப்படியே எல்லாரும் எறங்கிப் போனா ஒருத்தனும் ஏறி வரமாட்டான்.

பழைய லேத்துக்கு, மெஷினைக் கம்ப்யூட்டர்ல இருந்து ஓட்டற லினக்ஸ்சிஎன்சி போட்டு, தமிழ்ல ஸ்க்ரீனும் செட்டிங் ஃபைல்களும் பண்ணி வெளிய விட்டிருக்கேன். லினக்ஸ்சிஎன்சி அமெரிக்க அரசோட தர நிறுவனமான நிஸ்ட்ல பிறந்தது. மோட்டாருக்குப் போற பல்ஸ் சில பத்து மைக்ரோசெகண்டுக்கு ஒரு தடவை தவறாமப் போகணும். கொஞ்சம் தள்ளிப்போனா மோட்டார் ஸ்டெப்பை விட்டுரும், ஜாப் ஸ்க்ராப். அதுக்குத்தான் நேரம் தவறாம வேலை பண்ற ரியல்டைம் கெர்னல் (லினக்ஸோட அடிப்படைப் பகுதி). அந்த வேலைப்பாடு 2024-ல 6.12 கெர்னல்ல முழுசா உள்ள சேர்ந்தாச்சு. இதை விண்டோஸுக்குக் கொண்டு வாங்கன்னு மாசாமாசம் ஒருத்தர் கேக்கறார். எங்கிருந்துங்க கொண்டு வர்றது?

நான் சொல்ற பதில் ஒண்ணுதான். டெபியனோட சேர்த்து, இன்ஸ்டால் பண்ற ஐஎஸ்ஓ ஃபைலா லினக்ஸ்சிஎன்சிகாரங்களே கொடுக்கறாங்க, பழைய சிபியு ஒண்ணு கொண்டாங்க, போட்டுத் தர்றேன். மெஷின் பக்கத்துல நிக்கற சிபியுல டேலியும் கெடையாது, ஜிஎஸ்டியும் கெடையாது, யாரும் ஒண்ணும் சொல்றதில்லை. உங்க யூனிட்ல ஒரே கம்ப்யூட்டர்ங்கறது ஒரு காரணம், அதை நான் இல்லைங்கலை. ஆனா 32 பிட் விண்டோஸ் 7-ஐயும் சேர்த்துச் சொமக்கறது நீங்களா இழுத்துக்கிட்ட வேலைங்க.

எழுத்தாணி (கோபி)

நடுவுல நான் ஒரு வரி. பிள்ளைகளுக்குத் தமிழ் 99 கீபோர்டு பழக்கற ப்ரோக்ராம் வெச்சிருக்கேன். வெளிநாட்ல இருக்கற ஒறம்பரை ஒருத்தர் மேக்குக்குக் கேட்டார். அதுல ப்ரோக்ராமை ஆப்பிளுக்கு அனுப்பிச் சரிபார்த்து நோட்டரைஸ் பண்ணாட்டி தொறக்கவே யோசிக்கும், பண்ணணும்னா வருசத்துக்கு 99 டாலர் கட்டி டெவலப்பரா இருக்கணும். முன்ன ரைட் கிளிக்ல தொறந்துக்கலாம், 2024-ல வந்த மேக்கோட செக்கோயா வெர்ஷன்ல அந்த வழியும் போச்சு, செட்டிங்ஸ்க்குள்ள போய் அனுமதிக்கணும். அவரோட மெஷின்லயே சோர்ஸ்ல இருந்து கட்டிக்கிட்டா இந்தத் தடை கெடையாது. எப்படின்னு ஒரு பக்கம் எழுதி அனுப்பிட்டு விட்டுட்டேன். அவர் பண்ணிக்கிட்டார், இப்போ அடுத்தவங்களுக்கு அவரே பதில் சொல்றார்.

கணக்குப்பிள்ளை அக்கா (அவிநாசி)

நான் கோடு எழுதறவ இல்லை. பவர்டேபிள் தம்பி போட்ட அந்தச் சம்பளக் கணக்குலதான் எங்க யூனிட் ஓடுது, அதனால சொல்றேன். லேத்து அண்ணா, உங்க பேச்சு உங்க மெஷினுக்குச் சரிங்க. எங்க ஓனர்கிட்ட புதுசு வாங்கச் சொன்னா அடுத்த ஷிப்மெண்ட் போகட்டும்பார். அந்த ஷிப்மெண்ட் என்னிக்குமே அடுத்ததுதான்.

தம்பி, உங்களுக்கு விண்டோஸ் இல்லைன்னு இங்க படிச்சுத்தான் தெரியுது. முன்னமே சொல்லியிருக்கலாம்ல? எங்க ஆபீஸ்ல விண்டோஸ் 7-ம் இருக்குது, ஓனர் பையனோட லேப்டாப்ல 11-ம் இருக்குது. வெளிய விடறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்புங்க. போன வாரச் சம்பளத்தை அதுல போட்டுப் பார்த்து, நோட்டோட டேலி ஆகுதான்னு சொல்றேன். நீலக் கட்டம் வந்தா எங்க அமுக்கணும்னு ஃபோன்ல படம் புடிச்சு எங்க பக்கத்து யூனிட்டுக்கெல்லாம் நானே அனுப்பியிருக்கேன், அதையும் உங்க பக்கத்துல போட்டுக்குங்க.

ஒண்ணு மட்டும். வெள்ளி, சனிக்கிழமைல அப்டேட் விடாதீங்க. செவ்வாய்க்கிழமை விடுங்க.

பவர்டேபிள் கணக்கு (திருப்பூர்)

சரிங்கக்கா. ரெண்டு பில்டும் திங்கள் ராத்திரிக்குள்ள அனுப்பறேன். உங்ககிட்ட இருக்கறது என்ன பிரிண்டருங்க? ஒரு ஏ4-ல எட்டுச் சீட்டு வர்ற மாதிரி மாத்தியிருக்கேன், விண்டோஸ்ல ஓரம் வெட்டுதான்னு மொதல்ல அதைப் பார்த்துச் சொல்லுங்க.