மறு: ‘சக்லர் கவ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

அயர்லாந்தில் மாட்டிறைச்சிக்காக மாடு வளர்ப்போருக்கு அரசு தரும் தொகைகளைப் பற்றி ஒரு கட்டுரையைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். 2015 முதல் 2020 வரை 30 கோடி யூரோவில் நடந்த மாட்டிறைச்சித் தரவு மற்றும் மரபணுத் திட்டம் ஒன்று. 2023-ல் தொடங்கிய, 26 கோடி யூரோ ஒதுக்கப்பட்ட கார்பன் செயல்திறன் திட்டம் இன்னொன்று. இரண்டுமே ‘சக்லர் கவ்’ வைத்திருப்பவர்களுக்கானவை. இந்தப் பசுவைக் கறப்பதே இல்லை, பால் முழுவதும் கன்றுக்கு. இதற்கு ‘பாலூட்டிப் பசு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘இறைச்சிப் பசு’ என்றால் நேராக விளங்குமே என்கிறார் பதிப்பாசிரியர். தொகைக்கு ‘மானியம்’ போதுமா? உங்கள் கருத்து வேண்டும்.

———

> ‘பாலூட்டிப் பசு’ என்று எழுதி வைத்திருக்கிறேன்

பாலூட்டி என்றால் எலியும் திமிங்கிலமும்கூடத்தான். பாலூட்டி அல்லாத பசு எந்த ஊரில் இருக்கிறது தம்பி? முதலில் இதை எடுத்துவிடுங்கள்.

> ‘இறைச்சிப் பசு’ என்றால் நேராக விளங்குமே

விளங்கும், தப்பாக விளங்கும். வெட்டுக்குப் போகிற பசு என்றுதான் படிப்பவர் நினைப்பார். இந்தப் பசுவோ பட்டியிலேயே நின்று ஆண்டுக்கொரு கன்று போட வேண்டியது; விற்பனைக்குப் போவது அதன் கன்று. இன்னொன்று, அயர்லாந்தில் பால் பண்ணையில் பிறக்கிற கன்றுகளும் ஏராளமாக இறைச்சிக்குப் போகின்றன. அவற்றின் தாய்களுக்கு இந்தத் தொகை கிடையாது. ஆக, கோடு விழுவது இறைச்சியில் இல்லை. கறக்கிறார்களா, கன்றுக்கு விடுகிறார்களா என்பதில்தான். சொல்லையும் அங்கிருந்தே எடுக்க வேண்டும்.

கறவை மாடு, சினை மாடு, வறட்டு மாடு, உழவு மாடு எல்லாம் நம்மிடம் உண்டு. மடியில் பாலிருந்தும் கறக்காத மாட்டுக்குப் பெயர் இல்லையே என்று யோசித்தபோது காங்கேயம் மாடு நினைவுக்கு வந்தது. கொரங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காட்டில், மேய்கிற அந்தப் பசுக்களைப் பாலை நம்பி வளர்ப்பவர் குறைவு. நல்ல காளைக்கன்று போட வேண்டும், அதுதான் கணக்கு.

சின்ன வயதில் மாமாவோடு கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தேன். கன்றோடு நின்ற ஒரு மயிலைப் பசுவைக் காட்டி, வெளியூர்க்காரர் ஒருவர் “எத்தனை லிட்டர் கறக்கும்?” என்றார். மாட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “கறக்கறதுக்கு இல்லீங்க. இது கன்னு ஊட்டற மாடுங்க.” சொல்லிவிட்டுப் பசுவை விட்டுக் கன்றின் பக்கம் போய், அதன் திமிலைத் தடவிக் காட்டினார். விலை அதில்தான் இருந்தது. அங்கே வண்டிக்கும் ஏருக்கும், அயர்லாந்தில் இறைச்சிக்கு. நோக்கம் வேறானாலும் வளர்ப்பு ஒன்றுதான்.

என் பரிந்துரை: கன்றூட்டுப் பசு. மொத்தமாகச் சொன்னால் கன்றூட்டுப் பட்டி.

> தொகைக்கு ‘மானியம்’ போதுமா?

போதாது. சொட்டுநீர்க் குழாயோ பவர் டில்லரோ வாங்கினால் விலையில் ஒரு பங்கை அரசு ஏற்கிறதே, அதைத்தான் நம் உழவர் மானியம் என்பார். இங்கே அவர் எதையும் வாங்கவில்லை, வேலை செய்கிறார். முதல் திட்டத்தில் ஆண்டுதோறும் பட்டியின் கணக்கில் 60 விழுக்காட்டு எண்ணிக்கையில் மாடுகளை மரபணுச் சோதனைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. காதில் வில்லை குத்தும்போது கடுகளவு திசு குப்பிக்குள் விழும். அதை அனுப்ப வேண்டியிருந்தது. ஈன்றபோது கடினப்பட்டதா, தாய்க்குப் பால் எப்படி, கன்று சாதுவா முரடா என்றெல்லாம் பதிய வேண்டியிருந்தது. இந்தப் பதிவுகளை வைத்து அயர்லாந்துக் கால்நடை இனவிருத்திக் கூட்டமைப்பு ஒவ்வொரு மாட்டுக்கும் நட்சத்திரம் போடுகிறது. மேலே உள்ள 20 விழுக்காட்டுக்கு ஐந்து நட்சத்திரம், அடியில் உள்ள 20-க்கு ஒன்று. 2020 அக்டோபர் 31-க்குள் பட்டிக் கணக்கில் பாதி அளவாவது நான்கு, ஐந்து நட்சத்திரப் பசுக்களும் கிடேரிகளுமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. பள்ளிக்கூடத் தேர்வுபோல் இருக்கிறது!

தொகையைக் கணக்கிட்ட விதம் வேடிக்கையானது. முதல் 6.66 ஹெக்டேருக்கு, ஹெக்டேருக்கு 142.50 யூரோ, அதற்கு மேல் 120. அந்த 6.66-ஐப் பார்த்து நானும் விழித்தேன். ஹெக்டேருக்கு ஒன்றரை மாடு என்று வைத்துப் பெருக்கினால் பத்து மாடு வருகிறது. அதாவது முதல் பத்து மாட்டுக்குத் தலைக்கு 95 யூரோ, மற்றவற்றுக்கு 80. மாட்டுக்குத் தருகிற காசை நிலத்தின் பெயரில் எழுதியிருக்கிறார்கள். கட்டுரையில் இதை விளக்கிவிடுங்கள், இல்லையென்றால் அச்சுப்பிழை என்று கடிதம் வரும். 2023 திட்டத்தில் முதல் 22 மாட்டுக்குத் தலைக்கு 150 யூரோ, பிறகு 120.

‘ஊக்கத்தொகை’ எனலாமா என்று பார்த்தேன். பால் ஊற்றுவோருக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று தருவதற்கு அந்தச் சொல் போய்விட்டது. கூட ஊற்றினால் கூடக் கிடைக்கும் என்ற தொனி வேறு.

———

வணக்கம் அண்ணா.

எங்கட பக்கம், இலங்கையில், அரசாங்கக் கடிதங்களில் ‘கொடுப்பனவு’ என்றுதான் வரும். மாதாந்தக் கொடுப்பனவு, போக்குவரத்துக் கொடுப்பனவு, எல்லாம் அதுதான். ஏன் வாங்கக்கூடாது?

கன்றூட்டு என்பதில் எனக்கொரு ஐயம். ஊட்டுவது தாயா, கன்றா? எனக்கு ஊட்டுவது என்றால் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுதான். பழைய சொல் ‘கற்றா’ இருக்கிறதே: கன்று, ஆ இரண்டும் சேர்ந்தது. சின்னதாக, அழகாக இருக்கிறது.

———

கொடுப்பனவு சரி தம்பி. இனாம் வாடையும் இல்லை, இழப்பீட்டு வாடையும் இல்லை. தமிழ்நாட்டு வாசகர் முதல் தடவை கொஞ்சம் நிற்பார், இரண்டாவது பத்தியில் பழகிவிடும்.

கற்றாவை விட எனக்கும் மனம் வரவில்லைதான். ஆனால் காலையும் மாலையும் கறக்கிற பசுவும் கன்றோடு இருந்தால் கற்றாவே. நமக்கு வேண்டியது தாய்மையைச் சொல்லும் சொல் அல்ல, வளர்ப்பு முறையைச் சொல்லும் சொல்.

ஊட்டுவது யார் என்று கேட்டீர்கள். எங்கள் ஊரில் இரண்டு பேரும்தான். “கன்னு ஊட்டிருச்சு, இனிக் கறக்க முடியாது” என்றால் கன்று குடித்துவிட்டது. “மாடு ஊட்ட விடமாட்டேங்குது” என்றால் தாய் உதைக்கிறது. எப்படிப் படித்தாலும் பால் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். அந்த மயக்கம் எனக்குத் தொந்தரவாகப் படவில்லை.

மற்றவற்றில் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்: பட்டியில் விடும் காளைக்குப் பொலிகாளை, ஈற்றுக்கு ஈற்று ஆகும் நாளுக்கு ஈற்று இடைவெளி, நட்சத்திரம் அளப்பதற்கு மரபுத்திறன்.

———

இருவருக்கும் நன்றி. கன்றூட்டுப் பசு, கொடுப்பனவு இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். பதிப்பாசிரியருக்கு அந்தச் சந்தைக் கதையைச் சொன்னேன், ‘இறைச்சிப் பசு’வை அவரே அடித்துவிட்டார்.

‘வீன்லிங்’ மட்டும் நிற்கிறது. தாயிடமிருந்து பிரித்து இலையுதிர் காலத்தில் ஏலத்துக்குக் கொண்டுவரும் எட்டு, ஒன்பது மாதக் கன்று. ‘பால்குடி மறந்த கன்று’ அருமையான வழக்குதான், ஆனால் விலை அட்டவணையில் தலைப்புக் கட்டம் ஒரு அங்குலம்கூட இல்லை. ‘மறிகன்று’ என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருக்கிறார். மறி என்றால் ஆடு என்று நினைத்துவிட மாட்டார்களா?