கருகரு முடியை வெள்ளையாக்க வேண்டும், முதல் முறை

என் முடி நல்ல கருகரு. இதுவரை சாயம், மருதாணி எதுவுமே பட்டதில்லை. இப்போது அதை வெள்ளையாக்க ஆசை. பொன்னிறமோ சாம்பலோ இல்லை, வெள்ளையேதான். (“நரைக்கிற வரை பொறுக்க முடியாதா?” என்று வீட்டில் கேட்டாயிற்று.)

நேற்று பின்கழுத்துப் பக்கம் ஒரு சின்னக் கற்றையில் மட்டும், ப்ளீச் பவுடரோடு 20 வால்யூம் டெவலப்பர், அதாவது 6 சதவீத பெராக்சைடு, கலந்து தடவிப் பார்த்தேன். 40 நிமிடம் கழித்துக் கழுவினால் செங்கல் நிறம்! வேர்ப் பக்கம் மட்டும் ஆரஞ்சு. தலைச்சூட்டில் வேர் சீக்கிரம் வெளுக்கும் என்று படித்திருந்தேன், கண்ணாலேயே பார்த்துவிட்டேன். ஈரமாக இருக்கும்போது இழுத்துப் பார்த்தேன். ரப்பர் மாதிரி நீளவில்லை, அதாவது முடி நைந்துபோகவில்லை, அதுவரை நிம்மதி.

வாழைப்பழத் தோலின் உட்புறம் போல வெளிர்மஞ்சள் வந்த பிறகுதான் ஊதா டோனர் (மிச்ச மஞ்சளை மறைக்கும் சாயம்) வேலை செய்யும் என்பது புரிகிறது. அங்கே போய்ச் சேருவதுதான் பாடு. இரண்டாம் சுற்றுக்கும் 20 போதுமா, 30க்குப் போகலாமா? நடுவில் எத்தனை வாரம் விட்டீர்கள்? அப்புறம், வேருக்குக் கடைசியில் தடவினால் திட்டுத்திட்டாக இல்லாமல் ஒரே நிறமாக வருமா? இடுப்பு வரை முடி, அதனால்தான் பயம். செய்து பார்த்தவர்கள், முக்கியமாகச் சொதப்பியவர்கள், சொல்லுங்கள்.