களி கிண்டின கதை

சின்னப் பசங்களோட படுற பாட்டை இந்தக் குரூப்புல எல்லாரும் எழுதுறீங்க. என் பங்குக்கு நேத்து நடந்தது.

எங்க ஊரு தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். நேத்து ஒகேனக்கல் தண்ணி வர்ற நாள். நாலு குடம் பிடிச்சு அடுக்களையில வரிசையா வெச்சுட்டு, துணி காயப்போட மாடிக்குப் போனேன். பத்து நிமிஷம் இருக்கும். கீழ சத்தமே இல்ல. பிள்ளை வளர்க்கிறவங்களுக்குத் தெரியும், சத்தம் இருந்தா பயமில்ல, சத்தம் இல்லாட்டித்தான் வயித்தைக் கலக்கும்.

இறங்கி வந்து பார்த்தா, அரைச்சு வெச்ச ராகி மாவு மூணு கிலோவும் தரையில. நடுவுல என் மூணு வயசுப் பையன், புருவம் வரைக்கும் மாவு. ஏழு வயசு மக ஒரு குடத்தை அப்படியே கவிழ்த்துட்டு, எங்க ஆயாவோட துடுப்பை எடுத்து ரெண்டு கையாலயும் கிண்டிக்கிட்டு இருக்கா. "அம்மா, களி. கட்டி தட்டாம கிண்டுறேன் பாரு"ங்கிறா.

மாவு போனதுகூடப் பெரிசாத் தெரியல. குடத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. கத்துன கத்துல தெருவே கேட்டிருக்கும். கையும் ஓங்கிட்டேன். அவ பயந்து போய் ஈன்னு பல்லைக் காட்டினா. அடி விழப்போகுதுன்னா அப்படித்தான் இளிப்பா.

ரெண்டு மாசம் முன்னாடி முன்பல்லு ரெண்டும் விழுந்துச்சு. அதுல ஒண்ணு பாதி முளைச்சு வந்திருக்கு. நான் கவனிக்கவே இல்ல. ஓங்கின கையாலயே அவ தாடையைப் பிடிச்சு வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தேன். முனையில குட்டி ரம்பம் மாதிரி பல்லு பல்லா, பளபளன்னு. ஒரு சுண்ணாம்புத் திட்டு இல்ல, ஒரு புள்ளி கறை இல்ல.

வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது. நான் போர் தண்ணி குடிச்சு வளர்ந்தவ. இந்தப் பக்கத்துப் பாறையிலிருந்து ஃப்ளோரைடுங்கிற உப்பு தண்ணியில இறங்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுங்கிறாங்க, எங்க பக்கம் பல கிணறு அதைத் தாண்டினது. ஈறுக்குள்ள நிரந்தரப் பல்லு உருவாகுற வயசுல அந்தத் தண்ணி குடிச்சா, பல்லு முளைக்கும்போதே சுண்ணாம்பு மாதிரி திட்டுத் திட்டா வரும், போகப் போகக் காவி ஏறும். தேய்ச்சாப் போகாது. உப்பு, அடுப்புக்கரி, சாம்பல்னு நான் தேய்க்காதது எதுவும் இல்ல, ஈறுதான் புண்ணாச்சு. பள்ளிக்கூட குரூப் போட்டோவுல எங்க வரிசையே வாயை மூடிக்கிட்டு நிக்கும். பொண்ணு பார்க்க வந்தவங்க, "பொண்ணு சிரிக்கவே மாட்டேங்குதே, சம்மதந்தானா?"ன்னு கேட்டாங்க. கல்யாண ஆல்பம் முழுக்க உம்முன்னுதான் இருப்பேன்.

காவிரித் தண்ணியைக் குழாய்ல கொண்டு வர்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல வந்துச்சு. இவ பிறந்ததிலிருந்து குடிக்க, சமைக்க எல்லாத்துக்கும் அந்தத் தண்ணிதான். எந்தத் தண்ணியைக் கொட்டினதுக்குக் கை ஓங்கினேனோ, அந்தத் தண்ணிதான் அவ வாயில பல்லா நிக்குது.

அதுக்காகக் கட்டிப்பிடிச்சு முத்தம் கொடுத்தேன்னு நினைக்காதீங்க. ஈர ராகி சிமெண்ட் தரையில காய்ஞ்சா என்ன ஆகும்னு தெரியுமில்ல? தோசைத் திருப்பியால ஒரு மணி நேரம் சுரண்டினேன். குழந்தைங்க வரம்னு சொல்றவங்க அந்த நேரத்துல வந்திருந்தா அவங்க கையில ஒரு திருப்பியைக் கொடுத்திருப்பேன். மகளையும் உட்கார வெச்சுத்தான் சுரண்ட வெச்சேன்.

— — —

அக்கா, நான் கிருஷ்ணகிரி. ஓசூர்ல நைட் ஷிப்ட். காலையில வந்து படுத்தா, பையன் பெங்களூரா மாங்காயைக் கடிச்சுட்டு அந்தக் கையோட என் முதுகுல ஏறிடுவான். என் சட்டை ஒண்ணுலகூடக் கறை இல்லாம இல்ல. முன்னாடி பெங்களூர்ல ரூம் எடுத்துத் தங்கி இருந்தப்போ, வாரம் ஒரு தடவை வருவேன். என்னைப் பார்த்ததும் அவங்க அம்மா பின்னாடி போய் ஒளிஞ்சுக்குவான். இப்போ தூக்கத்தைக் கெடுத்தாலும் திட்ட மனசு வரல. சட்டைக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்க.

— — —

எங்க வீட்டுல குடிக்க மட்டும் ஒகேனக்கல் தண்ணி, சோறு களிக்கெல்லாம் போர் தண்ணிதான். கொதிக்க வெச்சாப் போயிடாதா அக்கா?

— — —

போகாதும்மா. கொதிக்க வெச்சா கிருமிதான் சாகும், ஃப்ளோரைடு அப்படியே இருக்கும். தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும். சின்னப் பசங்க இருக்கிற வீட்டுல சமையலுக்கும் நல்ல தண்ணியே வெச்சுக்கோ. பாத்திரம் கழுவ, துணி துவைக்கப் போர் தண்ணி போதும்.

தம்பி, மாங்கா கறைக்கு எனக்கும் வழி தெரியல. கறுப்புச் சட்டை வாங்கிக்கோங்க.

கொட்டின குடத்துக்குப் பதிலா பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஒரு குடம் கடன் வாங்கினேன். நாளைக்குத் தண்ணி வந்ததும் முதல் குடம் அவங்களுக்கு. மக இன்னொரு பல்லையும் ஆட்டிக்கிட்டே திரியுறா. துடுப்பைப் பரண் மேல ஏத்திட்டேன்.